எண்ணெயா, புகைநீரா? மரத்தை நுண்ணலையால் கருக்கி நீர்ம எரிபொருள் பெறும் முறையின் தமிழ்ச் சொற்கள்

ஆய்வுச்சுருக்கம்

மரத்தைக் காற்றின்றிச் சூடாக்கி, எழும் புகையைக் குளிர்வித்து நீர்ம எரிபொருள் பெறும் முறை இன்று நுண்ணலை வெப்பத்தின் துணையால் ஆராயப்படுகிறது. இம்முறையைத் தமிழில் எழுதுவோர் 'உயிரி எண்ணெய்', 'தீயாற்பகுப்பு', 'மரச்சாராயம்' முதலிய மொழிபெயர்ப்புச் சொற்களைக் கையாளுகின்றனர். சித்த மருத்துவம், கரிமூட்டம், அடுக்களை ஆகிய களங்களில் வழங்கும் சொற்களோடு இவற்றை ஒப்பிட்டு, ஒவ்வொரு சொல்லும் கேட்பவரை எச்செயலுக்குத் தூண்டும் என்னும் நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத் தியாகதுருகம் பகுதி இதன் களமாகும்.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், கருகல், குழித்தைலம், நுண்ணலை, புகைநீர், கீல், சீமைக்கருவேலம், கள்ளக்குறிச்சி.

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் தியாகதுருகத்தில் நடைபெற்ற உழவர் கூட்டம் ஒன்றில், ஆங்கிலத்தில் அமைந்த அறிவியல் உரையைத் தமிழில் எடுத்துரைக்கும் பணி இக்கட்டுரையாளருக்கு வாய்த்தது. ஏரிகளை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தைப் பயன்படுத்தும் வழிகள் பற்றிய உரை அது. நுண்ணலையால் மரத்தைச் சூடாக்கிப் பெறும் நீர்மத்தை உரையாளர் குறிப்பிட்டபோது, கட்டுரையாளர் அதனை 'மர எண்ணெய்' என்று பெயர்த்தார். பின்வரிசையிலிருந்து முதியவர் ஒருவர் எழுந்தார். "ஏம்மா, அப்ப அதை ஆயில் என்ஜின்ல ஊத்திக் கிணத்துத் தண்ணிய எறைக்கலாமா?" என்று கேட்டார். முடியாது என்பதே விடை. ஊற்றினால் இயந்திரம் பழுதாகும். அவ்விடைக்குப் பின் அவையினர் உரையைக் கேட்டதாகத் தோன்றவில்லை.

உரையாளர் கூறியதில் பிழையில்லை. ஆங்கிலப் பெயரிலும் 'எண்ணெய்' என்னும் பொருளுடைய சொல் இருக்கவே செய்கிறது. ஆகவே மொழிபெயர்ப்பும் பிழையன்று என வாதிடலாம். ஆனால் ஆங்கிலச் சொல்லை வேதியியலார் கேட்கின்றனர். தமிழ்ச் சொல்லை உழவர் கேட்கிறார். அம்முதியவரின் கேள்வி 'எண்ணெய்' என்னும் சொல்லிலிருந்து நேரே பிறந்தது. அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

கலைச்சொல்லாக்கத்திற்குத் தமிழில் நெறி வகுத்தோர் பலர். யாழ்ப்பாணத்தில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், தமிழில் உள்ள சொல்லை முதலில் தேடுதல், இல்லாதவிடத்து வடசொல்லை நாடுதல், அதுவும் இல்லாதவிடத்து ஒலிபெயர்த்தல் என்னும் முறையைப் பின்பற்றினார். கள்ளக்குறிச்சிக்கு அண்டையிலுள்ள சேலத்தில் 1916ஆம் ஆண்டில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொற்களுக்கெனச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். சொல் எங்கிருந்து வரவேண்டும் என்பதே இம்முயற்சிகளில் முதன்மையான வினாவாக இருந்தது. சொல்லைக் கேட்டவர் அடுத்து என்ன செய்வார் என்னும் வினாவை இக்கட்டுரை அதனோடு சேர்க்கிறது.

காழும் விறகும்

தொல்காப்பிய மரபியல், புறத்தே வன்மை உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வன்மை உடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. புறக்காழ், அகக்காழ் என்பன அப்பகுப்பிற்குரிய சொற்கள். மரத்தன்மைக்குக் காரணமான லிக்னின் என்னும் பொருளைக் 'காழ்' என்றே சொல்லிவிடலாமே என்னும் விருப்பம் தமிழ் மாணவர் எவர்க்கும் எழும், இக்கட்டுரையாளருக்கும் எழுந்தது. ஆயினும் அது பொருந்தாது. மூங்கிலிலும் பனையிலும் லிக்னின் உண்டு. மரத்தின் வெளிப்புறத்து வெள்ளைக் கட்டையிலும் அது உண்டு. காழ் என்பது கட்டையின் ஓரிடத்தையும் அதன் உறுதியையும் சுட்டும் சொல்லேயன்றி வேதிப்பொருளின் பெயரன்று. எனவே லிக்னின், செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் ஆகிய மூன்றையும் ஒலிபெயர்த்து வழங்குவதே நேர்மையாகும். உலர்ந்த மரத்தின் எடையில் செல்லுலோஸ் ஏறத்தாழப் பாதியளவினது. எஞ்சியதில் பெரும்பகுதியை மற்ற இரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன.

'உயிர்த்திரள்', 'உயிரிப்பொருண்மை' ஆகிய சொற்கள் வேறு வகையான இடரை உடையன. இவை எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகின்றன. தியாகதுருகம், சின்னசேலம், சங்கராபுரம் பகுதிகளில் அடுப்பெரிக்கக் கிடைப்பவற்றை மக்கள் அவ்வாறு ஒன்றாக்குவதில்லை. மரவள்ளிக் குச்சி, துவரை மிளார், சவுக்கு மிளார், கருவேல முள், கட்டை, வேர்க்கட்டை எனத் தனித்தனியே சொல்கின்றனர். ஈரம், பருமன், எரியும் நேரம் ஆகிய மூன்றும் இப்பெயர்களில் அடங்கியுள்ளன. நுண்ணலைக் கலத்தில் இடப்படும் பொருளின் விளைவை முடிவு செய்வனவற்றுள் ஈரமும் பருமனும் முதன்மையானவை. 'உயிர்த்திரள்' என்று எழுதும் கட்டுரை, ஊரார் ஏற்கெனவே பிரித்து வைத்திருப்பதைக் கலந்துவிடுகிறது.

எரிதலும் கருகுதலும்

ஆங்கிலத்தில் இம்முறைக்கு வழங்கும் பெயர், நெருப்பு, பிரித்தல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களால் ஆனது. தீயாற்பகுப்பு என்பது அதன் நேர்பெயர்ப்பு. வெப்பாற்பகுப்பு, வெப்பச்சிதைவு என்பனவும் வழக்கில் உள்ளன. தீயாற்பகுப்பு என்னும் சொல்லைக் கேட்பவர் தீயையே நினைப்பார். ஆனால் இம்முறையின் உயிர்நாடி, மரம் தீப்பற்றாமல் இருத்தலே. உயிர்வளி படாதவாறு அடைத்து 400 முதல் 600 பாகை செல்சியஸ் வரை சூடேற்றினால் மரம் எரிவதில்லை. கரியாகவும், குளிரக்கூடிய புகையாகவும், குளிராத வளியாகவும் பிரிகிறது.

இவ்வேறுபாட்டைத் தமிழ்ப் பேச்சு நன்கு அறிந்திருக்கிறது. விறகு எரிகிறது, தோசை கருகுகிறது, சோறு அடிப்பிடித்துத் தீய்கிறது, ஈரக்கட்டை புகைகிறது. இவற்றுள் எரிதல் ஒன்றே சுடரோடு கூடியது. அடிப்பிடித்த பானையில் நிகழ்வது, காற்றுப் புகாத இடத்தில் வெப்பத்தால் பொருள் சிதைந்து கரியாதல். அதுவே நாம் தேடும் வினை. ஆதலால் 'கருகல்', அதன் பிறவினையாகிய 'கருக்குதல்', தொழிற்பெயராகக் 'கருக்கற்பகுப்பு' என வழங்குவது தகும் என இக்கட்டுரை முன்மொழிகிறது. அடுக்களைச் சொல் ஆய்விதழுக்கு ஏற்றதன்று என்னும் மறுப்பு எழக்கூடும். புடம், பதம், பாகு, வடித்தல் எல்லாம் அடுக்களையோடு உறவுடைய சொற்களே.

கருகலைத் தொழிலாகச் செய்வோர் கரிமூட்டம் போடுவோர் ஆவர். சிறுவயதில் தியாகதுருகத்தை அடுத்த ஏரிக்கரையில் மூட்டம் எரிவதைக் கட்டுரையாளர் கண்டதுண்டு. 'மூட்டம் எரிகிறது' என எழுதியபின் அத்தொடரே தவறென்று புலப்படுகிறது. ஊரில் 'மூட்டம் புகையுது' என்றுதான் சொல்வர். கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, வைக்கோலும் தழையும் பரப்பி, மேலே ஈரமண் பூசி, சிறு துளைகளை மட்டும் விட்டு நெருப்பிடுவர். முதலில் வெண்புகை எழும். அது பெரும்பாலும் நீராவி. அடுத்துக் கண்ணைக் கரிக்கும் அடர்புகை. புகை மெலிந்து நீலம் பாரித்தால் கரி ஆகிவிட்டதெனக் கொண்டு துளைகளை அடைப்பர். இத்தகைய மண்மூட்டத்தில் உலர்ந்த மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கரியாகக் கிடைத்தாலே நல்ல விளைச்சல். எஞ்சியதில் பெரும்பகுதி அந்த அடர்புகையாக வெளியேறிவிடுகிறது. நீர்ம எரிபொருள் என்று இன்று நாடப்படுவது அந்தப் புகையே. அதைக் குளிர்வித்துப் பிடித்தால் நீர்மம். விட்டுவிட்டால் ஏரிக்கரை வீடுகளில் இருமல்.

(கல்வராயன் மலையில் கரியாலூர் என ஓர் ஊர் உண்டு. அப்பெயரிலுள்ள 'கரி'யைக் கரிமூட்டத்தோடு பொருத்திப் பார்க்கும் ஆசைக்குச் சான்று இல்லை. ஆதலின் அது இங்கே தவிர்க்கப்படுகிறது.)

புகையைப் பிடித்தல் புதிய எண்ணமன்று. 1923ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய மைசூர் அரசின் பத்ராவதி இரும்பாலை, உலைக்கு வேண்டிய கரியை மரத்தை வடித்தே பெற்றது. அதற்கென நிறுவப்பட்ட ஆலையில் கரியோடு கீல், மெத்தனால் முதலிய துணைப்பொருள்களும் எடுக்கப்பட்டன.

சீலைமண்ணும் வரட்டிக் கணக்கும்

சித்த மருத்துவ நூல்மரபு தைலத்தைப் பன்னிரு வகையாகப் பகுக்கிறது. கொதிநெய், உருக்குநெய், புடநெய், மரநெய், ஆவிநெய், சுடர்நெய் என்பன அவற்றுட் சில. எந்தப் பொருளிலிருந்து வந்தது என்பதைச் சில பெயர்கள் காட்டுகின்றன. எவ்வாறு இறக்கப்பட்டது என்பதைச் சில காட்டுகின்றன. நம் பொருளுக்கு மிக அணுக்கமானது குழித்தைலம். அடியில் துளையிட்ட மட்பானையில் சேங்கொட்டை போன்ற சரக்கை நிரப்பி, வாயை மூடிச் சீலைமண் செய்வர். குழியில் வைத்த ஏனத்தின்மேல் அப்பானையை அமர்த்திச் சுற்றிலும் மேலும் வரட்டி அடுக்கித் தீயிடுவர். தைலம் துளைவழியே கீழ் ஏனத்தில் இறங்கும். சீலைமண் என்பது மண் தோய்த்த துணியால் இடுக்குகளை அடைத்தல். காற்றை விலக்குதல் என்னும் பணியைப் பானையில் சீலைமண் செய்கிறது. இன்றைய ஆய்வுக்கூடத்தில் நைட்ரஜன் செய்கிறது.

வெப்பத்தின் அளவும் இம்மரபில் சொல்லாகியுள்ளது. காடைப்புடத்திற்கு ஒரு வரட்டி, கவுதாரிப்புடத்திற்கு மூன்று, குக்குடபுடத்திற்குப் பத்து, வராகபுடத்திற்கு ஐம்பது, கஜபுடத்திற்கு ஆயிரம். வெப்பமானி இல்லாத காலத்தில் செலுத்தப்படும் ஆற்றலை எரிபொருளின் எண்ணிக்கையால் வரையறுத்த முறை இது. இன்றைய ஆய்வுக் கட்டுரையில் 'இத்தனை வாட், இத்தனை மணித்துளி' என எழுதப்படுவதும் இதே வகையான கூற்றே: கலத்தினுள் உள்ள வெப்பநிலையை அன்று, வெளியிலிருந்து செலுத்தியதைச் சொல்வது. நுண்ணலைக் கலத்தின் உள்ளே வெப்பநிலையைத் துல்லியமாக அளத்தல் கடினம் என்பதால் இவ்வொற்றுமை வெறும் அணிநயமாக நின்றுவிடுவதில்லை.

இவ்விடத்தில் ஒரு தடை கூறவேண்டும். பண்டைத் தமிழர் மர எரிபொருள் செய்தனர் என்பதற்கு இவை சான்றாகா. சித்தர் மரபு நாடியது மருந்து, எரிபொருளன்று. ஒரு வினையை நுணுகி நோக்கிய மரபு அதற்குரிய சொற்களைப் படைத்திருக்கிறது என்னும் அளவிற்கே இக்கட்டுரை துணிகிறது.

நுண்ணலையும் புழுக்கமும்

வீட்டு அடுப்பாக நாம் அறிந்துள்ள கருவியின் தொடக்கம், 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர் பதிவு செய்த காப்புரிமை விண்ணப்பத்தில் உள்ளது. அக்கருவி 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்குகிறது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர்; அரைச்சாணுக்குச் சற்று மிகுதி. வானொலி அலைகளோடு ஒப்பிட்டே அது 'நுண்'ணலை ஆயிற்று. பெயர் நிலைத்துவிட்டது, மாற்ற வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்மை என மாணவர் கருதிவிடாமல் ஆசிரியர் விளக்கினால் போதும்.

மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெளியிலிருந்து சூடாக்கினால் புறம் கரியான பின்னும் அகம் பச்சையாக இருக்கும். இதனாலேயே விரைந்து கருக்கும் ஆலைகள் மரத்தை முதலில் சில மில்லிமீட்டர் அளவிற்குப் பொடியாக்குகின்றன. நுண்ணலை மரத்தினுள் ஊடுருவி அங்குள்ள நீர் மூலக்கூறுகளை அலைக்கழிக்கிறது. வெப்பம் உள்ளேயே பிறக்கிறது. இதற்கும் தமிழில் ஒரு சொல் உண்டு. ஈரத்தோடு கூடி உள்ளே பிறக்கும் சூட்டைப் புழுக்கம் என்கிறோம். ஈர வைக்கோற்போர் உள்ளே புழுங்குகிறது. நுண்ணலை வெப்பத்தின் முதற்கட்டம் புழுக்கமே. நீர் ஆவியானபின் நிலைமை மாறுகிறது. உலர்ந்த மரம் நுண்ணலையை மிகக் குறைவாகவே ஏற்கிறது. ஆதலின் கரித்தூள், கிராஃபைட், சிலிக்கான் கார்பைடு போன்ற, அலையை நன்கு ஏற்கும் பொருளைக் கலந்து வைக்கின்றனர். அப்பொருள் சூடாகி மரத்தைச் சூடாக்குகிறது. பின்னர் மரத்திலேயே உண்டாகும் கரி அப்பணியைத் தொடர்கிறது. ஆங்கிலத்தில் இதற்குள்ள பெயரை 'ஏற்பி' என்று பெயர்ப்பர். 'சூட்டுக்கரு' என்பது கட்டுரையாளரின் பரிந்துரை. உறைமோர் பாலைத் தயிராக்குவதுபோல், சிறிதளவு இட்டது முழுவதிலும் வினையைத் தொடங்கி வைப்பதால் 'உறை' என்னும் சொல்லும் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆனால் வினையூக்கி என்னும் வேறொரு கருத்தோடு அது குழம்பிவிடக்கூடும்.

தமிழ்நாட்டில் இம்முறை சீமைக்கருவேலத்தின்மேல் ஆராயப்பட்டுள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக வேதிப்பொறியியல் துறையின் ஆர். வினுவும் உடன் ஆய்வாளர்களும் நுண்ணலைவழி இம்மரத்திலிருந்து நீர்மம் பெற்ற ஆய்வை 2015ஆம் ஆண்டில் 'எனர்ஜி அண்ட் ஃபியூவல்ஸ்' இதழில் வெளியிட்டனர். வேலிகாத்தான் என்று ஒரு காலத்தில் பெயர் பெற்ற மரம், 2017ஆம் ஆண்டில் நீதிமன்றம் அகற்ற ஆணையிடும் அளவிற்கு வெறுக்கப்பட்டது. அதையே மூலப்பொருளாகக் கொள்ளும் ஆய்வு உழவர் அவைக்கு வந்தே தீரும். வரும்போது அதன் பெயர் என்னவாக இருக்கும் என்பதே வினா.

எண்ணெய் என்னும் வாக்குறுதி

எள்ளின் நெய் எண்ணெயாயிற்று. பின்னர்த் தேங்காய், வேம்பு, ஆமணக்கு ஆகியவற்றோடும் மண்ணோடும் அச்சொல் சேர்ந்தது. மண்ணெண்ணெய் வரை வந்தபின்னும் அச்சொல்லின் அடிப்படை மாறவில்லை: நீரோடு கலவாது, நீரில் மிதக்கும், பிசுக்குடையது, விளக்கேற்றும். மரத்தைக் கருக்கிப் பெறும் நீர்மம் இந்நான்கனுள் எதற்கும் ஒழுங்காக உட்படுவதில்லை. அதன் எடையில் 15 முதல் 30 விழுக்காடு நீர். அடர்த்தி நீரினும் மிகுதி. எனவே மிதக்காது, அமிழும். காரகாடித்தன்மை 2 முதல் 3 வரை. ஏறத்தாழ எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு. சாதாரண இரும்பை அரிக்கும். டீசலோடு கலவாது. நாட்பட வைத்தால் கெட்டிப்படும். ஒரு கிலோவிற்கு ஏறத்தாழ 16 முதல் 19 மெகாஜூல் வெப்பம் தரும். டீசல் 42க்கு மேல் தரும். இன்னொன்றையும் நோக்கவேண்டும்: நன்கு உலர்ந்த விறகும் கிலோவிற்கு 18 மெகாஜூல் அளவில் தருகிறது. ஆகவே நீர்மமாக்கியதால் எடைக்கு எடை வெப்பம் கூடுவதில்லை. குழாயில் செலுத்தலாம், தொட்டியில் சேமிக்கலாம், குறைந்த இடத்தில் கொண்டுசெல்லலாம் என்பனவே ஊதியம். அதற்கும் மின்சாரம் செலவாகிறது. அம்மின்சாரம் முழுவதும் நுண்ணலையாக மாறுவதுமில்லை. இயந்திர எரிபொருளாக்க வேண்டுமாயின், ஹைட்ரஜனும் வினையூக்கியும் கொண்டு அதிலுள்ள ஆக்சிஜனை நீக்கும் தனி ஆலைப்பணி வேண்டும்.

இத்தகைய பொருளை 'எண்ணெய்' என்றழைப்பது ஒரு வாக்குறுதி. தமிழ்நாடு இத்தகைய வாக்குறுதியை முன்னர்க் கண்டிருக்கிறது. 1996ஆம் ஆண்டில் 'மூலிகை பெட்ரோல்' என்னும் தொடர் மாநிலமெங்கும் பரவியது. மூலிகை என்னும் சொல் மரபையும் பெட்ரோல் என்னும் சொல் பயனையும் தர, இரண்டும் சேர்ந்து மக்கள் நம்பிக்கையைப் பெற்றன. இருபது ஆண்டுகளுக்குப் பின் 2016இல் சென்னை நீதிமன்றம் அதனை மோசடி எனத் தீர்ப்பளித்தது. மரத்தைக் கருக்கும் முறை மோசடியன்று; பிழையற்ற அறிவியல். அத்தொடரை நினைவில் வைத்திருப்போரிடம் 'மர எண்ணெய்' என்று சொல்வது, உண்மையான ஆய்வையும் அதே வரிசையில் நிறுத்திவிடும்.

வேறு எப்பெயரிடலாம்? தைலம் என்றால் மூட்டில் தேய்ப்பர். ஃபீனால்கள் நிறைந்த இந்நீர்மம் தோலைப் புண்ணாக்கும். தீநீர் என்பது வாலையில் வடித்ததைக் குறிக்கும் அழகிய சொல். வடிக்கும் வினைக்கு இதைவிடப் பொருந்தும் சொல் இல்லை. ஆயினும் ஓமத்தீநீர் குழந்தைக்கும் புகட்டப்படுகிறது. அழகு கருதி இச்சொல்லை ஆள்வது தீங்காகும். ஆதலின் 'புகைநீர்' என்னும் சொல்லை இக்கட்டுரை தேர்கிறது. புகையிலிருந்து வந்தது, நீர் கலந்தது என்னும் இரு செய்திகளும் அதில் உண்டு. புகையைக் குடிக்கவோ தேய்க்கவோ எவரும் எண்ணார். நாட்பட நின்றால் இது இரண்டாகப் பிரிவதுண்டு. கீழே தங்கும் கரிய பிசினுக்குப் படகுக்குப் பூசும் 'கீல்' என்னும் பழஞ்சொல்லே போதும். மேலே நிற்கும் புளித்த நீருக்கு 'மரக்காடி' எனலாம். காடி என்பது ஏற்கெனவே புளித்த நீரின் பெயர். காடியும் உணவில் சேர்வதாயிற்றே என ஐயுறலாம். அவ்வையம் நேரியதே. இச்சொல்லைப் பொறுத்தவரை கட்டுரையாளர் முழுத்துணிவு கொள்ளவில்லை. 'புகைக்காடி' எனின் இடர் குறையும்.

சாராயம் என்னும் சொல்

மரத்தைக் கருக்கும்போது சிறிதளவு மெத்தனால் உண்டாகிறது. 1661ஆம் ஆண்டில் இராபர்ட் பாயில் மரத்தை வடித்து இதனைப் பிரித்தறிந்தார். 1834இல் பிரெஞ்சு வேதியியலாரான டூமா, பெலிகோ ஆகிய இருவரும் கிரேக்கத்தில் மது, மரம் என்னும் பொருளுடைய இரு சொற்களை இணைத்து இப்பொருளுக்குரிய பெயரின் வேரைப் படைத்தனர். ஐரோப்பியப் பெயருக்குள்ளேயே மது ஒளிந்திருக்கிறது. தமிழில் இதனை மர ஆல்கஹால் என்றும் மரச்சாராயம் என்றும் எழுதும் வழக்கம் உண்டு.

2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தியாகதுருகத்திலிருந்து அந்நகர் பேருந்தில் அரைமணித் தொலைவு. அவர்கள் குடித்தது பாடநூற் சொல்லைப் படித்ததனால் அன்று. அவ்வாறு கூறுவது இறந்தோரை இழிவுபடுத்துவதாகும். ஆனால் அந்நிகழ்வுக்குப் பின் கள்ளக்குறிச்சி வகுப்பறை ஒன்றில் மெத்தனாலை 'மரச்சாராயம்' என எழுதுபவர், சாராயம் என்னும் சொல் அவ்வூரில் எதைக் குறிக்கிறது என்பதை அறியாதவராகவே இருக்கமுடியும். சாராயம் என்பது குடிக்கும் பொருளின் பெயர். அதன்முன் எந்த அடைமொழியைச் சேர்த்தாலும் குடிக்கும் பொருளின் ஒரு வகை என்றே கேட்பவர் செவியில் விழும். இங்கே தமிழ்ச்சொல்லைக் கைவிட்டு 'மெத்தனால்' என்னும் அயற்சொல்லையே ஆளவேண்டும். கிறீன் வகுத்த வரிசையில் கடைசியில் வருவது இவ்விடத்தில் முதலில் வருகிறது. தூய தமிழ் நாட்டமுடையோர் இதனை ஏற்கத் தயங்கலாம். கட்டுரையாளரும் அந்நாட்டமுடையவரே.

இக்கட்டுரையை எழுதும் காலத்தில், முதலில் கேள்வி எழுப்பிய அம்முதியவரைத் தியாகதுருகம் வாரச்சந்தையில் காணும் வாய்ப்புக் கிட்டியது. மூட்டத்துப் புகையைப் பிடித்துக் குளிர்வித்தால் வரும் புகைநீர், என்ஜினுக்கு ஆகாது, கையில் படக்கூடாது என்று இம்முறை விளக்கப்பட்டது. அவர் சற்று நேரம் எண்ணினார். "மூட்டத்து மண்ணுல கருப்பா வடிஞ்சு காயுமே, அதுவாம்மா? அதைத்தான் வேலிக் கம்பு அடியில பூசுவாங்க, கரையான் அரிக்காது" என்றார். கீல் பூசிய கட்டையைக் கரையான் எளிதில் அணுகாது என்பது மரக்காப்புத் துறை அறிந்த செய்தி. 'எண்ணெய்' என்று சொன்னபோது இச்செய்தி வெளிவரவில்லை.

தொடர்ந்து அவர் கேட்டது, ஒரு வண்டி கருவேலங்கட்டைக்கு எவ்வளவு புகைநீர் வரும், அதற்கு எத்தனை யூனிட் கரண்ட் ஆகும், வாங்க ஆள் உண்டா என்பது. முதல் இரண்டுக்கும் வேதிப்பொறியியலார் விடை தரக்கூடும். மூன்றாவது கேள்வி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளின் கொதிகலன்களையும் செங்கற்சூளைகளையும் நோக்கிச் செல்கிறது.